நான்காம் நம்பர் பை

பதினோரு நாள் அந்த மனிதர் பயிற்சிக்கு வரவில்லையாம். வரவில்லை என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? நான்தான். காயல்பட்டினம் கௌஸ் முகைதீன். இருபத்திரண்டு வருஷமாக அபுதாபியில் கிடக்கிற, இதுவரை ஒருத்தன் சோற்றிலும் மண் அள்ளிப் போடாத கௌஸ் முகைதீன். சொல்லும்போதே உடம்பெல்லாம் எரிகிறது. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். கிளப்காரர்கள் தங்கள் கதையை அரபியிலும் இங்கிலீஷிலும் சொல்லி முடித்துவிட்டார்கள். என் பக்கத்தைத் தமிழில் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

நான் ஒரு கால்பந்து கிளப்பில் கிட் மேன். ஆட்டக்காரர்களின் உடுப்பெல்லாம் என் பொறுப்பு. ஜெர்சி, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, நம்பர் பார்த்து எடுத்து வைப்பேன். ஒவ்வொருவனுக்கும் நம்பர் தைத்த ஒரு வலைப்பை உண்டு. பயிற்சிக்கு முன்னால் சுத்தமான உடுப்போடு பையை என்னிடம் வாங்கிப் போவான். முடிந்ததும் அழுக்கை அதே பையில் போட்டுத் திருப்பித் தருவான், நான் பையோடு மெஷினில் போடுவேன். எவன் வந்தான், எவன் மட்டம் போட்டான் என்பது கோச்சுக்குத் தெரிவதற்கு முன்னால் என் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் நம்பர் பை மத்தியாஸ் ஹெட்வாலுடையது. ஸ்வீடன்காரர், டிஃபெண்டர், வயது முப்பத்தைந்து. எங்கள் ஊரில் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துதான் பெரிது. டிஃபெண்டரை நாங்கள் ஸ்டாப்பர் என்போம். நானும் ஊர் டீமில் ஸ்டாப்பராக நின்றவன்தான், முட்டி போனதும் மூட்டை கட்டிவிட்டேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன், இதைப் போலப் பேர் கிடைக்காத பிழைப்பு உலகத்தில் வேறு இல்லை. கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். ஒன்பது கோலைத் தடுத்துவிட்டுப் பத்தாவதை விட்டவனை அவன் குடும்பத்தோடு சேர்த்து ஏசுவார்கள்.

மத்தியாஸ் தன் பூட்ஸைத் தானே கழுவுவார். மற்றவர்கள் சேறோடு என் காலடியில் வீசிவிட்டுப் போவார்கள். இவர் என் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிரஷால் தேய்த்துக்கொண்டே பேசுவார். அப்படித்தான் அவர் வாழ்க்கை முழுவதும் எனக்குத் தெரிய வந்தது. வடக்கு ஸ்வீடனில் மரம் அறுக்கும் மில் ஒன்றை நம்பி இருக்கிற சின்ன ஊர். பதினேழு வயதில் அந்த ஊர் கிளப்பில் ஆரம்பித்தவர். அப்புறம் டென்மார்க்கில் மூன்று வருஷம், ஜெர்மனியில் இரண்டாம் டிவிஷனில் ஆறு, துருக்கியில் மூன்று. நாட்டு டீமுக்காக நாலே ஆட்டம். பதினெட்டு வருஷத்தில் மொத்தம் ஒன்பது கோல் போட்டிருக்கிறார். மூக்கு இரண்டு தடவை உடைந்திருக்கிறது, இடது புருவம் மூன்று தடவை கிழிந்திருக்கிறது. தடுத்த கோல் எத்தனை என்று கேட்டேன். அதை யாரும் எழுதி வைப்பதில்லை கௌஸ் என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது, அவருக்கு வரவில்லை.

எங்கள் கிளப்புக்கு அவர் வந்த முதல் வருஷம் லீக்கிலேயே குறைவாகக் கோல் வாங்கிய டீம் நாங்கள்தான். அடுத்த ஜனவரியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரேசிலில் இருந்து ஒரு ஃபார்வர்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இத்தனை பேர்தான் லிஸ்டில் இருக்கலாம் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பேரை வெட்டினால்தான் இன்னொரு பேரைச் சேர்க்க முடியும். மத்தியாஸ் பேரை வெட்டினார்கள். சரி, தொழிலில் அப்படியும் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒப்பந்தம் இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கிறது. நாங்கள்தான் அனுப்பினோம் என்றால் கிளப் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். அவராகவே ஓடிப்போனால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஓட வைக்கலாம் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

டீமுக்குப் பயிற்சி சாயங்காலம். மத்தியாஸுக்கு மட்டும் காலை ஏழு மணிக்குப் பின்பக்க மைதானத்தில், தனியாக. கோச் கிடையாது, கோல்கீப்பர் கிடையாது, குளிக்கிற அறையின் சாவி கிடையாது. மெஸ்ஸில் சாப்பிடக் கூடாது. மனுஷனை மனுஷன் இப்படியா நடத்துவான்? அவர் என்னவோ ஆறே முக்காலுக்கு வந்து, "குட் மார்னிங், கௌஸ்" என்று பையை வாங்கிக்கொண்டு போவார். வரிசையாகக் கூம்பு வைத்து, இல்லாத எதிரியைத் தடுத்துத் தடுத்து ஓடுவார். மைதானத்தில் புல் பார்க்கிற சேதுபதிக்கு மனசு கேட்கவில்லை.

"எவனோ என்னமோ சொல்லிட்டுப் போறான் பாய். நான் பந்தைத் தூக்கிப் போடுறேன், அந்தாளு முட்டட்டும்" என்று தண்ணீர்க் குழாயை ஓரமாகப் போட்டுவிட்டு வந்து நின்றான். ராமநாதபுரம் பக்கம் கமுதிக்காரன், பந்தைத் தொட்டுக்கூடப் பழக்கம் இல்லாதவன். அவன் கண்டபடி வீசுவான். இவர் எல்லாவற்றையும் தலையால் முட்டித் திருப்புவார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவையாவது போய் அவனுவ முன்னாடி சத்தம் போடுங்க ஸார்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன்.

"சத்தம் போட்டா அதைத்தான் எழுதி வச்சுக்குவாங்க" என்றார். பூட்ஸைக் கவிழ்த்து வெயிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி முதல் வாரம் டீம் மேனேஜர் ஃபாரிஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே ஆபீஸ் கிளார்க் கல்யாணசுந்தரமும் நின்றார். கும்பகோணத்துக்காரர், பதினெட்டு வருஷ சர்வீஸ், அரபி டைப்பிங் வரை கற்றுத் தேர்ந்தவர். இன்னும் இரண்டு பேர் சோபாவில் இருந்தார்கள். மேஜையில் ஒரு தாள், முழுக்க அரபி.

"ஒண்ணுமில்ல பாய். கிட் குடுக்கற விஷயமா ஒரு பேப்பர். சும்மா ஃபார்மாலிட்டி" என்றார் கல்யாணசுந்தரம்.

ஃபாரிஸ் தாளை என் பக்கம் தள்ளி, "படிக்கத் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இந்த இடத்தில்தான் என் புத்தி புல் மேயப் போனது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வருவதற்கு முன்னால் அரபி எழுத்து வந்துவிடும். ஓதுவோம், ஹர்ஃப் ஒன்று, எழுத்து ஒன்று பிசகாமல் ஓதுவோம். அர்த்தம் ஆலிம்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே பத்து ஆலிம் இருக்கிறார்கள், நான் அந்தப் பத்தில் ஒருத்தன் இல்லை. குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கிற உயிர்க்குறி ஆபீஸ் தாள்களில் இருக்காது. ஆனாலும் இருபத்திரண்டு வருஷம் கடை போர்டும் பஸ் போர்டும் வாசித்துப் பழகியதில் குத்துமதிப்பாக உயிர் போட்டு வாசித்துவிடுவேன். என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

தெரியும் என்றேன். வாசியுங்கள் என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கணீரென்று வாசித்தேன். "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" என்றார் ஃபாரிஸ். சோபாவில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். அழுக்குத் துணி துவைக்கிறவனை அந்த அறையில் யாரும் அதுவரை பாராட்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊருக்குப் போன் பண்ணி என் மனைவி நஜீஹாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

"என்னமோ ஆபீஸ் பேப்பர். நான் வாசிச்சதைக் கேட்டு அரபிக்காரனே அசந்துட்டான் புள்ள."

"என்ன எழுதியிருந்துச்சுன்னுதானே கேட்டேன்" என்றாள். பொண்ணு ஹிஃப்ஸாவின் காலேஜ் விஷயம் ஒன்றை இழுத்து நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, நோன்பு தொடங்கிய வாரம், மத்தியாஸ் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பூட்ஸைக் கழுவவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

"கௌஸ், இது உன் கையெழுத்தா?"

என் கையெழுத்துத்தான். நான் வாசித்த அதே தாளின் நகல், கிளப் கால்பந்துச் சங்கத்து விசாரணையில் கொடுத்தது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் சேர்த்துக் குத்தியிருந்தது. ஜனவரி பன்னிரண்டு முதல் பதினோரு பயிற்சி நாட்கள் நான்காம் நம்பர் ஆட்டக்காரர் மைதானத்துக்கு வரவில்லை, என்னிடம் உடுப்பு வாங்கவில்லை, இதை உடுப்புப் பொறுப்பாளராகிய நான் படித்துப் பார்த்துச் சாட்சி சொல்கிறேன். இவ்வளவுதான் விஷயம். யா அல்லாஹ்! அந்தப் பதினோரு நாளும் அவர் துணியைத் துவைத்த கையால் நான் போட்ட கையெழுத்து அது.

அவர் நிதானமாகவே சொன்னார். அவருடைய சொந்த ஊர் கிளப், பதினேழு வயதில் ஆரம்பித்தாரே அதே கிளப், அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. ஏப்ரலில் இருந்து ஜூலை வரைக்கும் நாலு மாதம், அத்தோடு ஆட்டத்துக்கு முழுக்கு. ஆரம்பித்த மைதானத்திலேயே முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒப்பந்தம் முறிந்தது கிளப் தப்பால் என்றால் அவர் போய் ஆடலாம். அவர் தப்பால் என்று தீர்ப்பானால் நாலு மாதத் தடை. அந்த நாலு மாதமும் அதிலேயே போய்விடும். அப்புறம் அவருக்கு ஆட்டமே இல்லை.

"நீ படிச்சுட்டுத்தான் போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் என்னத்தைச் சொல்ல? படித்தேன் என்றால் அயோக்கியன். படிக்கவில்லை என்றால் பொய். "ஸாரி ஸார், ஸாரி ஸார்" என்று உளறினேன். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னிடமும் சத்தம் போடவில்லை.

அவர் காட்டியபோதே நகலைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே முசஃபாவில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிற லுக்மானிடம் கொண்டுபோனேன். விசா பாரம், வாடகைப் பத்திரம் எல்லாம் அரபியில் அடித்துக் கொடுக்கிறவன், ஊர்க்காரன், ஊர் வழக்கப்படி அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பவன், ஓதிப் பட்டம் வாங்கியவன். அரபி வரி ஒவ்வொன்றையும் விரல் வைத்துத் தமிழில் சொன்னான். பதினோரு தேதிக்கும் நேரே ‘லம் யஹ்ளுர்’ என்று இருந்தது. வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

"லம்முன்னா இல்லைன்னு அர்த்தம். ஓதுற புள்ளைக்குக்கூடத் தெரியுமே காக்கா" என்றான்.

எனக்கும் தெரியும்! அதுதான் வயிற்றெரிச்சல். பதினோரு தடவை அந்த ‘லம்’மை அழுத்தம் திருத்தமாக உச்சரித்தேனே, ஒரு தடவையாவது நின்று யோசித்தேனா? மாஷா அல்லாஹ்வுக்குக் காதைக் கொடுத்துவிட்டு மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸில் கல்யாணசுந்தரத்தைப் பிடித்தேன். "அதை டைப் பண்ணுனதே நீங்கதானே? ஒரு தமிழனுக்குத் தமிழன் இதைச் செய்யலாமா?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க பாய். நான் ஒங்க கையைப் புடிச்சா போட வச்சேன்? நாலு பேருக்கு முன்னாடி சத்தமாப் படிச்சு, அப்புறந்தான் போட்டீங்க. அர்த்தம் தெரியாதுன்னு இப்ப சொன்னா எவன் நம்புவான்?"

அடப்பாவி! அதற்குத்தான் என்னை வாசிக்கவே சொல்லியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத சேதுபதியிடம் கைநாட்டு வாங்கினால் செல்லாது என்று தெரிந்து, வாசிக்கத் தெரிந்த முட்டாள் ஒருவனைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

ரூமில் ஹபீப் முகம்மதுக்கு விஷயம் தெரிந்ததும் குதித்தான். டாக்ஸி ஓட்டுகிறவன், எனக்குப் பத்து வயது இளையவன்.

"காக்கா, ஒங்களுக்கென்ன கிறுக்கா? அந்த வெள்ளைக்காரன் நாளைக்கு பிளேன் ஏறிப் போயிருவான். நீங்க போய் மாத்திச் சொன்னா விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவானுவ. ஹிஃப்ஸாவுக்குப் படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு. பேசாம இருங்க. கலாஸ், அத்தோட முடிஞ்சுது."

எனக்கும் ஒரு மனசு அப்படித்தான் சொன்னது, ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு நாள் அந்த மனசோடுதான் இருந்தேன். மூன்றாம் நாள் நஜீஹாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுவாள், போகாதீர்கள் என்பாள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கள்ளக் கணக்கும் இருந்தது.

அவள் அழவில்லை. "நல்லா வாசிச்சேன், நல்லா வாசிச்சேன்னு ஊரு பூரா சொன்னீங்களே" என்றாள். "வாசிச்சது நீங்க. போட்டது நீங்க. அதை இல்லைன்னு போய்ச் சொல்ல வேண்டியதும் நீங்கதான். ஹிஃப்ஸாவை இதுல இழுக்காதீங்க. அவளுக்குச் சோறு போட அல்லாஹ் இருக்கான்." போனை வைத்துவிட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

மறுநாள் காலை மத்தியாஸிடம் பையைக் கொடுக்கும்போது, "நான் வருவேன் ஸார், உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

சங்கத்து விசாரணை துபாயில், பதினாலாம் நோன்பன்று காலை பதினோரு மணிக்கு. ஹபீப் திட்டிக்கொண்டேதான் கொண்டுபோய் இறக்கினான். நீள மேஜையின் ஒரு தலையில் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த தலைவர் வயதான எமிராத்தி. அந்தக் காலத்து ஆட்களுக்கு நல்ல ஹிந்தி வரும், என்னோடு ஹிந்தியிலேயே பேசினார். ஒரு பக்கம் மத்தியாஸும் அவர் வக்கீலும் ஒரு மொழிபெயர்ப்பாளரும். எதிர்ப்பக்கம் கிளப்பின் வக்கீல், ஃபாரிஸ், அவருக்குப் பின்னால் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கல்யாணசுந்தரம். என்னைக் கண்டதும் அவர் குனிந்து ஃபைலின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

அர்த்தம் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று நான் சொன்னதும் கிளப் வக்கீல் எழுந்தார். "இவருக்கு அரபி தெரியும். இங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள்" என்று தாளை நீட்டினார். வேறு வழியில்லை. வாசித்தேன். தடுமாறி வாசித்தால் தப்பிக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. நோன்பு வாயோடு நடிக்க மனசு வரவில்லை, வருகிறபடி வாசித்தேன். வாசித்து முடித்ததும் வக்கீல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற மாதிரி. "இந்த நாட்டில் இருபத்திரண்டு வருஷம்!" என்று வேறு சொன்னார்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "ஸாப், இருபத்திரண்டு வருஷமும் நான் மெஷினோடுதான் பேசினேன். யல்லா, கலாஸ், மாஃபி, இதுக்கு மேலே எங்கிட்ட யாரும் பேசினதில்லே. எங்க ஊருல நாங்க ஓதுவோம், வாசிப்போம், அர்த்தம் தெரியாது. நம்பலேன்னா நீங்களே ஒரு தாளில் எதையாவது எழுதுங்க. என் வாப்பாவைத் திட்டி எழுதுங்க, என்னைத் திருடன்னு எழுதுங்க. இதே குரலில் வாசிக்கிறேன்!"

தலைவர் பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதி, தாளை என்னிடம் அனுப்பினார்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று வாசித்தேன். வாசித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முதலில் கிளப் வக்கீல் பக்கென்று சிரித்தார். ஃபாரிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. வாசலில் நின்ற காவலாளிகூடச் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியவில்லை. நாற்பத்தேழு வயதில், பெண்ணைக் காலேஜுக்கு அனுப்புகிற ஒருத்தன், நடு அறையில் கோமாளியாக உட்கார்ந்திருந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் மத்தியாஸின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த நொடி ஒரு நாற்காலி கவிழ்ந்து விழுந்த சத்தம் கேட்டது.

மத்தியாஸ் எழுந்து நின்றார். ஆறடி மூன்று அங்குல ஆள், முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. மேஜையில் ஓங்கி ஒரு அடி. தண்ணீர் பாட்டில்கள் உருண்டன. "சிரிக்காதே! அவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது!" என்று இங்கிலீஷில் கத்தினார். அப்புறம் இங்கிலீஷ் போதாமல் போய் அவர் பாஷையிலேயே கத்தினார். பேரை வெட்டியபோது கத்தாதவர், குளியலறையைப் பூட்டியபோது கத்தாதவர், அன்று எனக்காகக் கத்தினார். அவர் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. சிரிப்பு நின்றது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தலைவர் கையமர்த்தினார். என் பக்கம் திரும்பி, "நான் என்ன எழுதினேன் என்று தெரியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"தெரியாது ஸாப்."

"‘நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் தீப்பிடித்திருக்கிறது. இதை வாசித்த உடனே எழுந்து வெளியே ஓடிவிடுவேன்.’ அப்படி எழுதினேன்."

நான் குனிந்து என் நாற்காலியைப் பார்த்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"நோன்பா?" என்று கேட்டார்.

"ஆமா ஸாப்."

"நோன்போடு சொல். அந்தப் பதினோரு நாள் இவர் வந்தாரா?"

"வந்தார் ஸாப். பதினோரு நாளும் நான்காம் நம்பர் பை வேர்வையோடு என் கைக்கு வந்தது. ஒரு நாள் மழை பெஞ்சு சேறாவே வந்தது, ரெண்டு தடவை மெஷினில் போட்டேன். ஆடாதவன் துணி நாறாது ஸாப்."

தலைவர் ஃபாரிஸைப் பார்த்து அரபியில் நிதானமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று மொழிபெயர்ப்பாளர் பிறகு எனக்குச் சொன்னார். ‘இந்த மனிதர் ஒரு பக்கத்தில் ஏழு இடம் தப்பாக வாசிக்கிறார். இவருக்கு அரபி தெரியாது என்பதை எந்த அரபியும் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவான். உன் அறையில் இவர் வாசித்தபோது உனக்குக் காது இல்லையா?’ ஏழு இடமாம். ஹர்ஃப் பிசகாதாம்! அந்த நேரத்திலும் எனக்கு ஒரு ஓரமாக ரோஷம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. தப்பு கிளப்புடையது, தடை கிடையாது. பெருநாளைக்கு மறுநாள் மத்தியாஸ் புறப்பட்டார். என் அறைக்கு வந்து நான்காம் நம்பர் பையைக் கொடுத்தார். கடைசி நாள் உடுப்பை அவரே துவைத்து, காயவைத்து, மடித்துப் போட்டிருந்தார். சரியாகவே அலசவில்லை, சோப்பு வாசம் தூக்கியது.

"உனக்கு ஏதும் தொந்தரவு கொடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"மாஃபி முஷ்கில்" என்றேன், ஒரு பிரச்சினையும் இல்லை என்று. அவருக்கும் அந்த அளவு அரபி புரியும்.

ஏப்ரல் முதல் ஞாயிறு, சேதுபதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தான். "பாய், நம்ம ஆளு எறங்கிட்டாரு! பொடிப் பனி தூறுது, அந்தாளு அரைக்கைச் சட்டையோட நிக்கிறாரு பாருங்க!" இரண்டு பேரும் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்துவிட்டார்கள். கோல் போட்டவனைத்தான் தோளில் தூக்கினார்கள். மத்தியாஸ் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து போனார்.

அப்போதுதான் கல்யாணசுந்தரம் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். முழுக்க அரபி.

"பாய்... இதுல ஒரு கையெழுத்து வேணும்" என்றார். கண் என் முகத்துக்கு வரவில்லை.

என்ன தாள் என்று எனக்குத் தெரியாதா? ஒரு மாதமாக எதிர்பார்த்திருந்ததுதான். பேனாவை வாங்கவில்லை. அவருக்கு அந்தக் குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"எனக்கு அரபி தெரியாது. அது தீர்ப்புலயே இருக்கு. நீங்க தமிழ்ல வாசிங்க."

"எல்லாம் ஒங்களுக்குத் தெரிஞ்சதுதானே பாய்..."

"தெரியாது. வாசிங்க. சேதுபதிக்கும் கேக்கணும், சத்தமா வாசிங்க."

அவர் உட்கார்ந்தார். "உடுப்புப் பொறுப்பாளர் கௌஸ் முகைதீன் அவர்களின் சேவை... இந்த மாதக் கடைசிக்குப் பிறகு... கிளப்புக்குத் தேவைப்படாது" என்று முணுமுணுத்தார். பதினெட்டு வருஷமாக எத்தனை பேருடைய தாளை அடித்திருப்பார், ஒன்றையாவது அவர்களுடைய பாஷையில் வாய்விட்டு வாசித்திருப்பாரா? மேல் உதடெல்லாம் வேர்த்துவிட்டது.

"காதுல விழல" என்றேன். "முதல்லேர்ந்து வாசிங்க."